கூண்டில் நிற்கவேண்டியவர் யார்?
‘ஹியர் கம்ஸ் த பூம்’ திரைப்படம் குறித்து ஒரு கண்டனம்

1

நகைச்சுவைக்கும் ஓர் அறம் உண்டு. சிரிப்பு எத்திசையில் எறியப்படுகிறது என்பதைக் கொண்டே அவ்வறம் அளக்கப்படுதல் வேண்டும். அதிகாரத்தின் பொய்ம்மையையும் செல்வத்தின் செருக்கையும் நோக்கி எறியப்படும் சிரிப்பு, சட்டமும் பிரசங்கமும் செய்யமாட்டாத பணியைச் சில வேளைகளிற் செய்துவிடும். தடுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவனைத் தள்ளிய கையைப் பாராமலே கலைந்து செல்லும் கூட்டத்தின் சிரிப்போ அந்தக் கைக்கே உடந்தையாகிறது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அமெரிக்காவில் வெளியான ‘ஹியர் கம்ஸ் த பூம்’ என்னும் திரைப்படம், இரண்டாம் வகைச் சிரிப்பை முதல் வகைச் சிரிப்பின் உடையில் உலவவிட்ட படமாகும். ஆதலின், சுவையற்ற படங்களின் வரிசையில் அதனைச் சேர்த்து மறந்துவிடுதல் போதாது, அது கண்டிக்கப்படத்தக்கது.

இத்தகைய படங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, கதையின் முடிவு முன்னரே ஊகிக்கத்தக்கது என்பதாகும். வழக்கமாகச் சொல்லப்படும் நிறை, அவற்றின் உள்ளம் நல்லது என்பதாகும். குறையிற் சாரமில்லை, நிறையில் உண்மையில்லை. முடிவு தெரிந்த கதைகளை நாட்டுக்கூத்துக் களரியிலும் கோயிற் புராணபடனத்திலும் விடிய விடியக் கண்டும் கேட்டும் மகிழ்ந்த மக்களுக்கு, முடிவை ஊகிக்க முடிவது ஒரு குற்றமாகத் தோன்றாது. ஆராயப்பட வேண்டியது ‘நல்ல உள்ளம்’ என்னும் அப்புகழ்ச்சியே. யாருக்கு நல்ல உள்ளம்? எவருடைய பிழையை மறைப்பதற்கு நல்ல உள்ளம்? இவ்விரு வினாக்களையும் எழுப்பாத விமர்சனம் படத்தின் விளம்பரத்தையே வேறு சொற்களில் எழுதித் தருவதாக முடியும்.

2

கதையைச் சுருங்கக் கூறலாம். பொஸ்டன் நகரில் வில்கின்சன் மேனிலைப் பாடசாலை என்றொரு கற்பனைப் பாடசாலை. அங்கு ஸ்கொட் வொஸ் உயிரியல் கற்பிக்கிறார். ஒரு காலத்தில் ஆண்டின் சிறந்த ஆசிரியர் எனப் பாராட்டுப் பெற்றவர். இப்பொழுது கற்பித்தலில் நாட்டமிழந்தவர், நாற்பதைக் கடந்தவர், உடல் பருத்தவர். பாடசாலையின் வரவுசெலவுக் கணக்கிற் பணம் போதவில்லை. எனவே இசைப்பிரிவு மூடப்படும் என அதிபர் அறிவிக்கிறார். இசையாசிரியர் மார்ட்டி ஸ்ட்ரெப் வயதில் மூத்தவர். எதிர்பாராத காலத்தில் மனைவி கருவுற்றிருக்கும் வேளையில் அவர் தொழிலை இழக்கப்போகிறார். பிரிவைக் காப்பாற்ற 48,000 டொலர் வேண்டும். அத்தொகையைத் தாமே திரட்டித் தருவதாக வொஸ் வாக்களித்துவிடுகிறார்.

பணத்திற்கு வழி? குடியுரிமைப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் குடியேறியோருக்கு அவர் மாலை வகுப்பு எடுக்கிறார். அவ்வகுப்பில் மாணவராக இருக்கும் நிக்கோ முன்னாட் சண்டைவீரர். நிக்கோவின் வீட்டுத் தொலைக்காட்சியில், குத்தும் உதையும் மல்யுத்தப் பிடியும் ஒருங்கே அனுமதிக்கப்படும் கலப்புச் சண்டைப் போட்டியொன்றை வொஸ் காண்கிறார். அங்கு தோற்றவனுக்கும் 10,000 டொலர் உண்டு என அறிந்ததும், தோற்பதற்காகவே கூண்டுக்குள் இறங்குவதெனத் தீர்மானிக்கிறார். சிற்றரங்குகளிற் சில நூறு டொலர்களுக்கு அடிவாங்கத் தொடங்கியவர், ஈற்றில் லாஸ் வேகஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில் பெரும் வீரன் ஒருவனுடன் மோதுகிறார்; வெல்கிறார். இசை பிழைக்கிறது. பள்ளித் தாதி பெல்லாவின் காதலும் கிட்டுகிறது. குடியேறியோர் குடியுரிமை பெறுகின்றனர். அனைவரும் மகிழ்கின்றனர்.

வொஸ் பாத்திரத்தை ஏற்ற கெவின் ஜேம்ஸ், அலன் லோப் என்பாருடன் சேர்ந்து திரைக்கதையையும் எழுதியவர். இயக்குநர் பிராங்க் கொராச்சி. அடம் சான்ட்லரின் ஹப்பி மடிசன் நிறுவனம் தயாரிப்பிற் பங்குகொண்டது. நடிப்பைப் பொறுத்தவரை நீதி வழங்க வேண்டும். மார்ட்டியாக வரும் ஹென்றி விங்க்ளர், இசையைத் தவிர வேறெதனையும் அறியாத ஆசிரியர் ஒருவரின் அச்சத்தையும் பெருமிதத்தையும் சில காட்சிகளில் உண்மையாகவே வெளிக்கொணர்கிறார். நிக்கோவாக வரும் பாஸ் ருட்டன் அத்துறையில் உண்மையாகவே வாகைசூடியவர். ஜேம்ஸும் சண்டைக்காக உடலை வருத்திப் பயின்றுள்ளார். ஆகவே குறை உழைப்பிலன்று. இத்தனை உழைப்பும் எதற்காக விலைபோயிற்று என்பதிலேயே வழக்கு இருக்கிறது.

3

கதையின் தொடக்கத்தில் ஓர் அரிய நகைச்சுவை வித்து இருக்கிறது. தன் பாடசாலையில் இசை ஒலிக்க வேண்டுமாயின் ஆசிரியன் ஒருவன் முகத்திற் குத்து வாங்கவேண்டும். அதுவும் தோற்பதற்கே கூலி. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க மறுக்கும் சமுதாயம், ஆசிரியனின் மூக்குடைவதைப் பார்க்கப் பணம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறது. இதனை விடக் கூர்மையான அங்கத நிலையை எவ்வாசிரியனும் தேடியலைந்து கண்டெடுத்தல் அரிது. இவ்வொரு வித்தை நீரூற்றி வளர்த்திருந்தால் ஒரு சமுதாயத்தின் முன்னுரிமைகள் முழுவதும் சிரிப்பின் வெளிச்சத்தில் அம்மணமாக நின்றிருக்கும்.

படம் அவ்வித்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. சில சண்டைகளுக்குப் பின் வொஸ் தோற்கும் எண்ணத்தைக் கைவிட்டு வெல்லும் ஆசை கொள்கிறார். அக்கணமே அங்கதம் மரணித்து, வழக்கமான விளையாட்டுக் கதை அதன் ஆசனத்தில் அமர்ந்துகொள்கிறது. ஓட்டம், எடைதூக்கல், வியர்வை, எழுச்சி இசை, இறுதிச் சுற்று என்னும் பழகிய படிகள் ஒவ்வொன்றாக ஏறப்படுகின்றன. ‘ஏன் இந்த ஆசிரியன் அடிபட வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கிய பார்வையாளன், ‘இந்த ஆசிரியன் வெல்வானா?’ என்று கேட்கப் பழக்கப்படுத்தப்படுகிறான். இரு வினாக்களுக்குமிடையே உள்ள தூரம், குடிமகனுக்கும் பந்தயக் கூட்டத்தானுக்கும் இடையேயுள்ள தூரமாகும்.

இடைப்பட்ட வேளையிற் சிரிப்பு எங்கே தேடப்படுகிறது? பருத்த உடலிலும், விழுகையிலும், வாந்தியிலும், தோட்பட்டை விலகுதலிலும், குடியேறியோரின் ஆங்கில உச்சரிப்பிலும் தேடப்படுகிறது. வரவுசெலவுக் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு இல்லை. இசையை நீக்கிவிட்டுப் பாடசாலை என்னும் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் நிருவாகத்தைப் பார்த்துக் கசப்பான ஒரு சிரிப்பு இல்லை. அதிபர் சிடுமூஞ்சி மனிதராகக் காட்டப்படுவதுடன் அதிகாரத்தின் மீதான விமர்சனம் முற்றுப்பெறுகிறது. மனிதரின் சுபாவத்தைக் குறைகூறி அமைப்பின் சுபாவத்தைத் தப்பவிடுதல் இவ்வகை நகைச்சுவையின் பழைய தந்திரமாகும்.

4

இந்த 48,000 டொலர் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது? படம் கூறவில்லை. மழை பெய்வது போலவும் பனி விழுவது போலவும் பாடசாலைகளுக்குப் பணம் இல்லாமற் போகும் என்பதே அதன் நிலைப்பாடு. உண்மையில் அப்பற்றாக்குறைக்கு ஊரும் ஆண்டும் உண்டு.

அமெரிக்க அரச பாடசாலைகளின் செலவிற் பெரும்பகுதி மாநில அரசுகளிடமிருந்தும் உள்ளூர் வரியிடமிருந்தும் கிடைப்பது. மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றைச் சுற்றியே அமைவது வழக்கம். உள்ளூர் வரி என்பது பெரிதும் வீடு, காணி ஆகியவற்றின் பெறுமதி மீது விதிக்கப்படும் சொத்துவரி. எனவே விலையுயர்ந்த மாளிகைகள் நிறைந்த ஊரிற் பாடசாலையும் செழிக்கும். வறியோர் குடியிருப்பிற் பாடசாலையும் வறியதாகும். இவ்வநீதியை எதிர்த்து, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரைச் சேர்ந்த மெக்சிக்கோ வம்சாவளிப் பெற்றோர் வழக்காடினர். 1973இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி மத்திய அரசியல் யாப்பினால் உறுதிசெய்யப்பட்ட அடிப்படை உரிமையன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

படத்தின் கதை நிகழும் மசசூசெற்ஸ் மாநிலத்திற்கும் இத்துறையில் தனி வரலாறு உண்டு. 1980இல் அங்கு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேறிய ‘இரண்டரை வீதப் பிரேரணை’ உள்ளூராட்சிகள் அறவிடக்கூடிய சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்தது. வரியைக் குறைத்த கை பாடசாலையின் குரல்வளையையும் பிடித்தது. 2002இல் சட்டமான ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கவிடப்படலாகாது’ என்னும் மத்திய கல்விச் சட்டம், வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் பரீட்சை வைத்துப் பாடசாலைகளை அளக்க முற்பட்டது. அளக்கப்படாத பாடங்கள் இயல்பாகவே அநாதைகளாயின. இசையும் ஓவியமும் அவ்வநாதைகளுள் அடங்கும். 2008இன் நிதி நெருக்கடி இவற்றின் மீது வந்து விழுந்தது. வங்கிகளைக் காக்கப் பெருநிதி தேடிய நாட்டில் மாநிலங்கள் கல்விச் செலவை வெட்டின.

இப்படம் அந்நெருக்கடியின் தழும்பு ஆறாத 2012இல் வெளியாயிற்று. கொட்டகையில் அமர்ந்திருந்த பெற்றோருட் பலர் தத்தம் பிள்ளைகளின் பாடசாலையில் வாத்தியக் குழுவோ நூலகரோ இல்லாமற்போனதைக் கண்டவர்கள். அவர்களிடம், ‘உங்கள் பள்ளியில் இசை மூடப்படுகிறதா? நல்ல மனம் படைத்த ஆசிரியர் ஒருவர் அடிவாங்க முன்வந்தால் எல்லாம் சரியாகும்’ என்று சொல்லியனுப்புகிறது படம். இதற்கு ஆறுதல் என்று பெயரிடலாம். மயக்கமருந்து என்று பெயரிடுதல் கூடுதற் பொருத்தம்.

கணக்கொன்றையும் இங்கு போட்டுப் பார்த்தல் தகும். படத்தின் தயாரிப்புச் செலவு சுமார் 42 மில்லியன் டொலர் எனப்படுகிறது. அதனை 48,000 ஆல் வகுத்தால் 875 வரும். ஓர் இசைப்பிரிவு காப்பாற்றப்படுவதைக் கண்டு கண்ணீர் மல்க வைப்பதற்குச் செலவிட்ட தொகையில், படத்தின் சொந்தக் கணக்குப்படியே 875 இசைப்பிரிவுகள் பிழைத்திருக்கும். இதற்குத் திரைப்படக்காரர் மட்டும் பொறுப்பாளிகளல்லர். ஆயினும் தட்டுப்பாடு என்பது எங்கே உள்ளது, எங்கே இல்லை என்பதை இவ்வொரு வகுத்தற்கணக்கே புலப்படுத்துகிறது.

5

கதையின் பிற்பகுதியில் நிகழும் ஒரு திருப்பம் விசேட கவனத்துக்குரியது. வொஸ் அடிபட்டுச் சேர்த்த பணம் பாடசாலைக் கணக்கில் இல்லை. பிரதி அதிபர் 120,000 டொலரைக் கையாடிவிட்டார். அவர் கைது செய்யப்படுகிறார். எஞ்சியிருப்பது 8,000 டொலரே. எனவே இறுதிச் சண்டையில் வென்று 50,000 டொலரைப் பெற்றாலன்றி இசைப்பிரிவுக்கு மீட்சியில்லை.

மேலோட்டமாக நோக்குமிடத்து இது கதையின் வேகத்தை ஏற்றும் உத்தி மட்டுமே. ஆழ்ந்து நோக்கின் படத்தின் கருத்துநிலை முழுவதும் இங்கேதான் வெளிப்படுகிறது. பணமின்மைக்கு ஈற்றில் ஒரு காரணம் தரப்பட வேண்டியிருக்கிறது. தரப்படும் காரணம் யாது? ஒரு தனிமனிதனின் திருட்டு. ஒரு நாட்டின் வரிக்கொள்கை, நீதிமன்றத் தீர்ப்பு, மாநிலத்தின் வெட்டு ஆகிய யாவும் ஒரு பிரதி அதிபரின் சட்டைப்பையினுள் சுருட்டித் திணிக்கப்பட்டுவிடுகின்றன. திருடன் ஒருவன், மீட்பன் ஒருவன். இருவருக்குமிடையே சமுதாயம் என ஒன்றும் இல்லை. திருடன் சிறைக்குப் போனதும் நீதி நிலைநாட்டப்படுகிறது. மீட்பன் வென்றதும் பணம் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு வரவுசெலவுக் கூட்டம் கூடும்போது மீண்டும் யார் அடிபடுவார் என்று கேட்கப் படத்தில் எவருமில்லை.

ஆசிரியர் சங்கமும் வேலைநிறுத்தமும் எங்கே? பெற்றோர் கூட்டமும் நகரசபையின் வாசலிற் கூடிய மாணவரும் எங்கே? படத்தில் மாணவரும் பாடுபடுகின்றனர். வாத்தியக் குழு லாஸ் வேகஸ் வரை சென்று தம் ஆசிரியருக்காக வாசிக்கிறது. அக்காட்சி நெஞ்சைத் தொடுவது உண்மையே. ஆயின் அப்பிள்ளைகள் எவ்விடத்திற் சென்று வாசித்திருக்க வேண்டும்? தமது இசையை நிறுத்தத் தீர்மானித்தோரின் சன்னலுக்குக் கீழே வாசித்திருக்க வேண்டும். படமோ அவர்களைச் சூதாட்ட நகரின் அரங்கிலே, சண்டைக்கு முன்னோடியாக வாசிக்க வைக்கிறது. எதிர்ப்புக் குரலாகியிருக்கக்கூடிய இசை, வணிகக் கேளிக்கையின் பின்னணி வாத்தியமாகத் தாழ்த்தப்பட்டுவிடுகிறது.

6

அவ்வணிகக் கேளிக்கை எது என்பதையும் கூறாது விடலாகாது. படத்தில் வருவது கற்பனைப் போட்டியன்று. ‘அல்டிமேட் ஃபைட்டிங் சம்பியன்ஷிப்’ என்னும் நிறுவனம் தன் சொந்தப் பெயருடனும் எண்கோணக் கூண்டுடனும் இலச்சினையுடனும் வருகிறது. அதன் வர்ணனையாளர் ஜோ றோகன் தம் பெயரிலேயே தோன்றுகிறார்.

இந்நிறுவனத்தின் முதற் போட்டி 1993 நவம்பரில் டென்வர் நகரில் நடந்தது. 1996இல் செனற்றர் ஜோன் மெக்கெயின் இவ்வகைப் போட்டியை மனிதச் சேவற்சண்டை எனக் கண்டித்து, அதனைத் தடைசெய்யுமாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். பின்னர் விதிகள் திருத்தப்பட்டன; மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. ஆயினும் இப்படம் வெளியான 2012இல் நியூயோர்க் மாநிலத்தில் அத்தொழில்முறைச் சண்டை தடைசெய்யப்பட்டே இருந்தது. 2016இலேயே அத்தடை நீங்கிற்று. அத்தகைய காலத்தில், கூண்டுச் சண்டை பள்ளிப் பிள்ளைகளையும் இசையையும் காக்கும் புண்ணிய கருமமாகத் திரையில் உருப்பெறுவது எவருக்கு வாய்ப்பானது என்பதை விளக்கவேண்டியதில்லை.

2001இல் ஏறத்தாழ 2 மில்லியன் டொலருக்குக் கைமாறிய அந்நிறுவனம், 2016இல் ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. சண்டையிட்டோரின் நிலை என்ன? தம் உழைப்பின் விலை ஏகபோகத்தினால் அமுக்கப்பட்டது எனக் குற்றஞ்சாட்டி 2014 டிசெம்பரில் சண்டைவீரர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து, காற்பந்துச் சங்கங்களில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரருக்குச் செல்ல, இங்கு அவர்கள் பெற்றது ஐந்தில் ஒன்றைச் சுற்றியே என்பது அவ்வழக்கின் வழியே வெளிவந்தது. 2024இல் 375 மில்லியன் டொலர் வழங்க நிறுவனம் இணங்கிற்று. அவ்விணக்கம் 2010 டிசெம்பருக்கும் 2017 ஜூனுக்கும் இடையே சண்டையிட்டோரைப் பற்றியது. ஸ்கொட் வொஸ் கூண்டுக்குள் இறங்கிய 2012 அக்கால எல்லைக்குள்ளேயே விழுகிறது!

படத்தில் அந்நிறுவனம் வறிய ஆசிரியனுக்கு வாரி வழங்கும் வள்ளலாக நிற்கிறது. வெளியே, அதே ஆண்டுகளில் அதே கூண்டில் அடிபட்டோர் தம் கூலிக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஆசிரியனும் சண்டைவீரனும் ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்ள வேண்டிய இடம் இதுவே. இருவரும் உடலையும் உள்ளத்தையும் கொடுத்து உழைப்பவர்கள்; இருவரின் உழைப்பின் பயனும் வேறிடம் செல்கிறது. இவ்விருவரையும் ஓருடலிலேயே பொருத்தி வைத்த திரைக்கதை, அவ்வொற்றுமையை ஒரு கணமேனும் காணவில்லை என்பதே அதன் ஆகப் பெரிய தோல்வி.

7

நகைச்சுவைப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பது மிகையென்பார் உளர். அவர்களுக்கு விடையாக அரசியற் பிரகடனங்களை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. வேறு இரு நகைச்சுவைகளைக் காட்டினாற் போதும்.

சார்ளி சப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931இல் வெளியாயிற்று. பார்வையற்ற பூக்காரிப் பெண்ணின் வீட்டு வாடகைக்காக அந்த நாடோடி குத்துச்சண்டை மேடையேறுகிறான். ஒருவரையொருவர் நோகாமல் அடித்துப் பரிசைப் பங்கிடுவதாக ஒப்புக்கொண்டவன் பொலிசாருக்கு அஞ்சி ஓடிவிட, இரக்கமற்ற வேறொருவன் எதிரே நிற்கிறான். நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து அவன் ஆடும் அந்த ஆட்டத்தைக் கண்டு சிரியாதார் இலர். ஆயின் சப்ளின் அவனை வெல்லவிடவில்லை. அவன் தோற்கிறான், அடிபட்டும் வாடகை கிடைக்கவில்லை. பின்னர் பணம் கொடுக்கும் கோடீசுவரனோ குடிபோதையில் நண்பன், போதை தெளிந்தால் அந்நியன். அவன் மறதியினாலேயே நாடோடி கள்ளனாகிச் சிறை செல்கிறான். ஏழையின் வீரம் ஏழையின் வாடகையைத் தீர்க்காது. செல்வரின் கருணை அவர்தம் போதையை நம்பியிருப்பது. இவ்வளவையும் சப்ளின் ஒரு வார்த்தை பேசாமற் கூறினார். அதற்காகச் சிரிப்பிற் குறைவைக்கவும் இல்லை.

மற்றையது 1996இல் மார்க் ஹேர்மன் இயக்கிய ‘பிராஸ்ட் ஓஃப்’ என்னும் பிரித்தானியப் படம். யோர்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்கம் மூடப்படும் வேளையில் அச்சுரங்கத் தொழிலாளரின் பித்தளை வாத்தியக் குழு தேசியப் போட்டிக்குச் செல்கிறது. அங்கும் ஆபத்தில் நிற்பது இசையே. குழு வெல்கிறது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட குழுத்தலைவர் டனி, இலண்டனின் றோயல் அல்பேட் மண்டபத்தில் மேடையேறி, வெற்றிக் கேடயத்தை ஏற்க மறுத்து, தம் ஊரை அழித்த அரசாங்கத்தைச் சபையறியக் குற்றஞ்சாட்டுகிறார். சுரங்கம் திறக்கப்படவில்லை. இசை வென்றது, ஊர் தோற்றது. இவ்விரண்டையும் ஒருங்கே பார்வையாளன் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது அப்படம். அதுவும் நகைச்சுவையே, கொட்டகை நிறையச் சிரிப்பூட்டிய நகைச்சுவையே.

ஆகவே குறை நகைச்சுவை என்னும் வடிவத்தில் இல்லை. சப்ளினும் ஹேர்மனும் செய்யத் துணிந்ததை ‘ஹியர் கம்ஸ் த பூம்’ குழுவினர் செய்யத் துணியவில்லை. அவர்கள் கையில் அதே பொருள் இருந்தது: இசை, வறுமை, அடிபடும் உடல். அவர்கள் அதனை வெற்றி என்னும் இனிப்பில் தோய்த்து விற்றனர்.

8

எஞ்சியிருக்கும் மறுப்பு ஒன்றே. தியாகம் உயர்ந்ததன்றோ, பிறர்க்காகத் தன்னுடலை வருத்தும் ஆசிரியனை ஏளனஞ் செய்தல் முறையாகுமோ என்பர். ஆசிரியனின் தியாகத்தை எவரும் ஏளனஞ் செய்யவில்லை. அதனை ஏளனஞ் செய்வது, அவன் தியாகம் செய்தாலன்றிப் பாடசாலை நடவாது என்ற நிலையை உண்டாக்கிவிட்டு அதன்பின் அவனுக்கு மாலையிடும் சமுதாயமே. ஆசிரியத் தொழிலைப் ‘புனிதப் பணி’ என்று எங்கு உரத்துப் புகழ்கிறார்களோ அங்கு அதற்குரிய ஊதியமும் வசதியும் தரப்படுகின்றனவா என்று பார்த்தல் நன்று. புகழ்ச்சி பல இடங்களிற் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் செல்லாக்காசு. தியாகத்தைக் கொண்டாடும் கலை, அத்தியாகத்தை அவசியமாக்கியவரின் பெயரையும் சொல்லத் தவறுமாயின், அது தியாகியின் குருதியைத் துடைக்கும் துணியாகாது. குற்றவாளியின் கையைத் துடைக்கும் துணியாகிவிடும்.

இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் வழியே பல்கலைக்கழக வாயிலை அடைந்தோர்க்கு, கல்வி ஒருவரின் கருணையினாற் கிடைப்பதா, உரிமையினாற் கிடைப்பதா என்ற வினா அயல்நாட்டு வினாவன்று. உரிமையாகக் கிடைத்ததைக் கருணையாக மாற்றுவோர் முதலிற் சட்டத்தை மாற்றுவதில்லை, கதைகளை மாற்றுகின்றனர். நூலகத்திற்குக் கொடையாளி ஒருவரைத் தேடுதல், விளையாட்டு மைதானத்திற்கு விளம்பரதாரர் ஒருவரைத் தேடுதல், இசை வகுப்பிற்கு அடிபட ஓர் ஆசிரியரைத் தேடுதல் என்பன இயல்பான, ஏன் இனிமையான செயல்களாகக் கதைகளில் முதலிற் பழக்கப்படுத்தப்படுகின்றன. அதன் பின்னர் வெட்டு விழும்போது எதிர்க்குரல் எழுவதில்லை. உண்டியல் மட்டுமே குலுங்குகிறது.

இப்படத்தின் இறுதிக் காட்சிகளில் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. கூண்டின் நடுவே உடல் வீங்கிய ஆசிரியர் வெற்றிக் களிப்பில் நிற்கிறார். நீதிமன்றத்திலும் ஒரு கூண்டு உண்டு. அங்கு அடிபட்டவனை நிறுத்துவதில்லை. அடிபடச் செய்தவனையே நிறுத்துவர். வரியை வெட்டியவரும், கல்வி அடிப்படை உரிமையன்று எனத் தீர்த்தவரும், பிள்ளைகளின் பாட்டுக்கு விலைகேட்டவரும் ஏறவேண்டிய கூண்டில் ஓர் உயிரியல் ஆசிரியரை ஏற்றிவிட்டு, பார்வையாளரைக் கைதட்டச் சொல்கிறது ‘ஹியர் கம்ஸ் த பூம்’. கைதட்ட மறுத்தலே அந்த ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையாகும்.